குளிர்சாதன அறையில் சமிக்ஞை அற்றுப்போனால்

பால், மீன், உருளைக்கிழங்கு, தடுப்பு மருந்து முதலியவற்றைக் காத்துத் தரும் குளிர்சாதன அறைகள் பலவும் இன்று கண்ட்ரோலர் எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஆணைப்படி இயங்குகின்றன. அறையின் உஷ்ணநிலையை சென்ஸர் அறிவிக்கிறது. கண்ட்ரோலர் அதனை ஆராய்ந்து கம்ப்ரஸருக்கும் விசிறிக்கும் ஆணை பிறப்பிக்கிறது. இச்சமிக்ஞைகளில் ஒன்று வழியில் அற்றுப்போனால் எச்சரிக்கை எழுகிறது. உடனே கண்ட்ரோலரையே மாற்றிவிடும் வழக்கம் கைவிடத்தக்கது.

புதியதைப் பொருத்தியதும் யந்திரம் ஓடத் தொடங்குவதால், பழையதே பழுதானது என்று முடிவு செய்யப்படுகிறது. ஆனால் மாற்றும்பொழுது கம்பிகள் கழற்றப்பட்டு மீண்டும் இறுக்கப்படுகின்றன என்பது மறக்கப்படுகிறது. களிம்பேறிய முனையோ, தளர்ந்த திருகோ அப்பொழுது தற்காலிகமாகச் சீர்பட்டிருக்கக் கூடும். ஈரம் மீண்டும் புகுந்ததும் பழுது திரும்புகிறது. அன்றியும், புதிய கண்ட்ரோலரில் சென்ஸரின் வகை தவறாகக் குறிக்கப்பட்டால், பொய்யான உஷ்ணநிலை மெய்யெனக் காட்டப்படும்.

நேரம் வீணானால் சரக்கு கெடும் என்பது கிடங்கு உரிமையாளரின் வாதம். அது நியாயமே. எனினும், முறையான சோதனைக்கு நீண்ட நேரம் வேண்டுவதில்லை. முதலில் எச்சரிக்கைக் குறியீட்டை அழிக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். ஆணை 0 முதல் 10 வோல்ட் வகையினதாயின், அது புறப்படும் முனையிலும் சேரும் முனையிலும் அளத்தல் வேண்டும். புறப்படுமிடத்தில் இருந்து, சேருமிடத்தில் இல்லையாயின், பழுது இடையிலுள்ள கம்பியில் உள்ளது. புறப்படுமிடத்திலேயே இல்லையாயின், கண்ட்ரோலர் ஆணையிட வேண்டிய வேளைதானா என்று அறிந்து, வெளிக்கம்பியைக் கழற்றி மறுமுறை அளக்க வேண்டும். அப்பொழுது வோல்ட்டேஜ் தோன்றினால் கண்ட்ரோலர் நலமாகவே உள்ளது; குற்றம் கம்பியிலோ அதன் மறுமுனையிலோ இருக்கிறது. அப்பொழுதும் தோன்றாவிடில்தான் கண்ட்ரோலரை ஐயுற வேண்டும். சென்ஸரைச் சோதிக்க, நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரமே போதும். அதன் உஷ்ணநிலை 0 டிகிரி சென்டிகிரேடு. அந்நிலையில் சென்ஸரின் மின்தடையைத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட்டால் உண்மை புலப்படும்.

சமிக்ஞையின் வகையும் கவனிக்கத்தக்கது. 0 முதல் 10 வோல்ட் முறையில், பூஜ்யம் என்பது 'நிறுத்து' என்ற ஆணையாகவும் இருக்கலாம்; கம்பி அறுந்ததன் விளைவாகவும் இருக்கலாம். 4 முதல் 20 மில்லி ஆம்பியர் முறையில் மிகக் குறைந்த ஆணைக்கும் 4 மில்லி ஆம்பியர் உண்டு. ஆகவே பூஜ்யம் பழுதையே குறிக்கும். புதிய அறைகளுக்குப் பின்னதே விரும்பத்தக்கது.

இவை எல்லாவற்றினும் முக்கியமான வினா ஒன்று உண்டு. சமிக்ஞை அற்ற வேளையில் கம்ப்ரஸர் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா? ஐஸ்கிரீம் −18 டிகிரியில் இருக்க வேண்டியது. கம்ப்ரஸர் நின்றால் அது உருகும். தடுப்பு மருந்துகள் பலவும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. அங்கே கம்ப்ரஸர் ஓயாது ஓடினால், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்றவற்றின் தடுப்பு மருந்துகள் உறைந்து பயனற்றுப்போகும். உருகிய ஐஸ்கிரீம் பார்த்ததும் தெரிந்துவிடும். உறைந்து மீண்டும் இளகிய மருந்தோ பார்வைக்கு நல்லதெனவே தோன்றக் கூடும். அதனைப் பெறும் குழந்தைக்குப் பாதுகாப்புக் கிட்டாது.

ஆதலின் இவ்வினாவுக்குரிய விடையைத் தொழிற்சாலையின் அமைப்பிற்கே விட்டுவிடலாகாது. சரக்கின் தன்மையை அறிந்தவரும் மெக்கானிக்கும் கலந்து, ஓடுதல், நிற்றல், சில நிமிஷம் ஓடிச் சில நிமிஷம் நிற்றல் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, அதனை அறையின் கதவருகே எழுதிவைத்தல் நன்று. கண்ட்ரோலரைச் சாராத தனி சென்ஸருடன் கூடிய எச்சரிக்கை மணியும் அமைதல் வேண்டும். அறுந்த கம்பியைப் பின்னர் இணைத்துக்கொள்ளலாம். கெட்ட மருந்தை மீட்க வழியில்லை.