'ர' வராத ரெயின்ஸ்

நீங்கதான் சார் ஹீரோ. ஆனா படம் முடிகிற வரைக்கும் முகத்தைக் காட்ட மாட்டோம் என்று சொன்னால், நம்ம ஊரில் யாராவது கால்ஷீட் கொடுப்பார்களா? 1933-ல் க்ளாட் ரெயின்ஸ் என்கிற ஆங்கிலேயர் கொடுத்தார். படம், ஹெச்.ஜி.வெல்ஸின் கதையான 'தி இன்விஸிபிள் மேன்'. தலை முழுக்க பாண்டேஜ், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. அதைக் கழற்றினால் உள்ளே காலி! உயிர் போன பிறகு, கடைசி ஷாட்டில்தான் முகம் மெல்லத் தெரியும். அதுவரை மனுஷனுக்கு இருந்த ஒரே மூலதனம் குரல். தேனில் மிளகைத் தட்டிப் போட்ட மாதிரி ஒரு குரல். அதற்காகத்தான் டைரக்டர் ஜேம்ஸ் வேல் அவரைப் பிடித்துப் போட்டார்.

வேடிக்கை என்னவென்றால், சின்ன வயதில் இந்த ஆசாமிக்குப் பேச்சே சரியாக வராது. 1889-ல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். திக்குவாய். 'ர' நாக்கில் ஏறாமல், தன் பெயரையே 'வில்லி வெயின்ஸ்' என்றுதான் சொல்வாராம். போதாததற்கு லண்டன் உழைப்பாளிகளின் 'காக்னி' கொச்சை வேறு. இன்டர்வியூவில் இங்கிலீஷ் வராமல் வியர்க்கிற சகோதரர்கள் கவனிக்கவும்: ஐயாவுக்குத் தாய்மொழியே அதுதான்!

பையனுக்கு நாடகக் கொட்டகையில் கிடைத்த வேலை என்ன தெரியுமோ? உங்க சீன் வந்தாச்சு என்று நடிகர்களை ஓடி ஓடிக் கூப்பிடுவது. திக்குவாய்க்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் ஏது? கொட்டகை முதலாளி ஸர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, அந்தக் கால லண்டனின் பெரிய நடிகர். மேடை ஏறணும்னா முதலில் நாக்கைத் திருத்து என்று சொன்னதோடு விடாமல், உச்சரிப்புப் புத்தகம், டியூஷன் எல்லாவற்றுக்கும் கைக்காசைக் கொடுத்தார். புத்தி சொல்கிற முதலாளி எங்கேயும் உண்டு. ஃபீஸ் கட்டுகிறவர்?

பேச்சு திருந்தியது. அதற்குள் முதல் உலக யுத்தம். சிப்பாயாகப் போனவர், விஷவாயுவில் வலது கண் பார்வையை அநேகமாக முழுசும் இழந்து, காப்டனாகத் திரும்பினார். ட்ரீ 1917-லேயே காலமாகிவிட்டார். ஆனால் அவர் 1904-ல் ஆரம்பித்த நடிப்புப் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே வாத்தியாராகச் சேர்ந்தார் நம்ம 'வெயின்ஸ்'. படித்த பிள்ளைகளில் ஜான் கில்குட், சார்லஸ் லாட்டன் அடக்கம்.

ஹாலிவுட்டுக்குப் போகும்போது வயசு நாற்பதுக்கு மேல். ஆகவே பெரும்பாலும் ரெண்டாவது ஆள்தான். 'காஸாபிளாங்கா'வில் (1942) போலீஸ் அதிகாரியாக வந்து, ஹம்ஃப்ரி போகார்ட் பக்கத்திலேயே நின்று சிரிப்பை அள்ளிக்கொண்டு போனார். நாலு தடவை ஆஸ்கர் சிபாரிசு. நாலு தடவையும் வெறுங்கை.

என் ஓட்டு 'நொடோரியஸ்'க்கு (1946). மனைவியாக வரும் இங்க்ரிட் பெர்க்மன் இவரைவிட உயரம். ஹிட்ச்காக் தரையில் சரிவுப் பலகை போட்டு இவரை உயர்த்திக் காட்டினார். வேஷம் நாஜி வில்லன். இருந்தாலும் பெண்டாட்டி உளவாளி என்று தெரிந்ததும் விடியற்காலையில் அம்மா ரூமுக்குப் போய் உட்காருகிறாரே, அய்யோ பாவம் என்று இருக்கிறது. கடைசியில் கூட்டாளிகள் வாசலில் நின்று உள்ளே கூப்பிடுகிறார்கள். போனால் திரும்ப முடியாது. அத்தனை பாடுபட்டு வாங்கிய குரல். அங்கே ஒரு வார்த்தை பேசாமல் படியேறிப் போகிறார்.