கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டு!

உங்கள் பாடப் புத்தகத்தின் முதல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். தீண்டாமை பாவம், பெருங்குற்றம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆண்டுதோறும் இதைப் படிக்கும் நம் பள்ளிக்கூடங்களுக்குள் ஜாதி எப்படி நுழைந்தது? இதற்கு விடை தேட, தமிழக அரசு ஒரு குழுவையே அமைக்க வேண்டி வந்தது.

என்ன நடந்தது?

2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் அருகே ஒரு கிராமம். தின்பண்டம் வாங்க வந்த பள்ளிக் குழந்தைகளிடம், "உங்களுக்குத் தர மாட்டேன்' என்று மறுத்தார் ஒரு கடைக்காரர். காரணம், ஜாதி. அந்த வீடியோ பரவியதும் அவர் கைது செய்யப்பட்டார்.

2023 ஆகஸ்ட் 9ம் தேதி நடந்தது, இதைவிடக் கொடுமை. திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கைக்கும் காயம். இதற்கும் காரணம் ஜாதிதான்.

உடனே, ஓய்வு பெற்ற ஐகோர்ட் நீதிபதி கே.சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. 2024 ஜூன் 18ல் அவர் அறிக்கை கொடுத்தார்.

வெறுப்பு மட்டும்தானா?

அரிவாள் எடுத்தவர்களின் வெறுப்பு எல்லாருக்கும் தெரிகிறது. ஆனால், ஒருவரை ஒதுக்கி வைக்க வெறுப்பு தேவையே இல்லை. எப்படி என்கிறீர்களா? தென்காசி பக்கத்தில் இருக்கும் ஆய்க்குடிக்கு வாருங்கள்.

இந்த ஊரைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1975ல் கல்லூரி மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரி தேர்வில் கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. 1981ல், இங்கே மாற்றுத் திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவன், படிக்கட்டு மட்டுமே உள்ள பள்ளிக்கூடத்துக்கு வருகிறான் என்று வையுங்கள். அந்தப் படிக்கட்டைக் கட்டிய கொத்தனார் யாரையும் வெறுத்துக் கட்டவில்லை. இப்படியும் ஒருவன் வருவான் என்று நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். ஆனாலும், அவன் வெளியேதானே நிற்கிறான்?

இதேபோன்ற படிக்கட்டுகள் நம் மனசிலும் உண்டு. உதவித்தொகை வந்திருக்கிறது என்று சொல்லி, குறிப்பிட்ட ஜாதி மாணவர்களை மட்டும் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்கிறார் ஓர் ஆசிரியர். உதவி செய்யத்தான் கூப்பிடுகிறார். ஆனால், யார் என்ன ஜாதி என்பது அந்த ஒரு நிமிடத்தில் வகுப்புக்கே தெரிந்து விடுகிறதே! தெரியாமல் செய்தாலும் வலி ஒன்றுதான்.

கண் நிறம் செய்த வேலை

1968ல், அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜேன் எலியட் என்ற ஆசிரியை, நிறவெறி என்றால் என்ன என்று தன் மூன்றாம் வகுப்பு மாணவர்களுக்குப் புரிய வைக்க விரும்பினார். நீலக் கண், பழுப்புக் கண் என்று வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவு உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்றார். தாழ்ந்தவர்களுக்கு அடையாளப் பட்டையும் அணிவித்தார்.

நேற்று வரை ஒன்றாக விளையாடியவர்கள் சில மணி நேரத்தில் மாறிப் போயினர். "உயர்ந்தவர்கள்' அதட்டினர், "தாழ்ந்தவர்கள்' பாடத்தில் கூடத் தடுமாறினர். பிறகு ஆசிரியை பிரிவுகளை மாற்றினார். அப்போதும் இதே கதைதான்!

பட்டையை எடுத்து விட்டு, நம் ஊர்ப் பள்ளிகளில் சிலர் கையில் கட்டும் வண்ணக் கயிறை நினைத்துப் பாருங்கள். எந்த நிறம், எந்த ஜாதி என்று அது காட்டிக் கொடுக்கிறது.

அறிக்கை சொல்வது என்ன?

ஜாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி கூடாது. வருகைப் பதிவேட்டில் ஜாதி இருக்கக் கூடாது. பெயரின் அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்க வேண்டும். பள்ளிகளின் பெயரில் ஜாதி வேண்டாம். இவை, சந்துருவின் பரிந்துரைகளில் சில.

"அப்படியானால் ஜாதி விவரமே வேண்டாமா?' என்று கேட்பீர்கள். காலங்காலமாக ஒதுக்கப்பட்டவர்களுக்கு உதவித்தொகையும், இட ஒதுக்கீடும் கிடைக்க அந்த விவரம் தேவை. அது அலுவலகக் கோப்பில் இருக்கட்டும்; வகுப்பில் எல்லார் காதிலும் விழ வேண்டாம்.

எதிர்ப்பும் வந்தது. நெற்றிக் குறி மத வழக்கம், அதைத் தடுக்கலாமா என்று சிலர் கேட்டனர். பரிந்துரை என்பது சட்டமும் அல்ல. அரசு உத்தரவு போட வேண்டும். 2025 ஜூலையில், அரசு மாணவர் விடுதிகள் எல்லாம் இனி, "சமூக நீதி விடுதிகள்' என்று அறிவிக்கப்பட்டது. பெயர்ப் பலகையிலிருந்த பிரிவினை இறங்கியது. மனசில் இருப்பது?

அதற்கு உத்தரவு போட முடியாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் யார் பக்கத்தில் உட்காருகிறீர்கள்? அணி பிரிக்கும்போது யாரைக் கடைசியில் கூப்பிடுகிறீர்கள்? ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். கயிறு கட்டச் சொல்லி யாராவது நீட்டினால், "வேண்டாம்ண்ணே' என்று சொல்லுங்கள். யாரையாவது ஜாதி சொல்லி யாரும் கேலி செய்தால், நம்பிக்கையான ஆசிரியரிடமோ, அப்பா, அம்மாவிடமோ தைரியமாகச் சொல்லுங்கள்.

படிக்கட்டு இருக்கிறது என்று தெரிந்தால்தானே, பக்கத்தில் சாய்தளம் கட்ட முடியும்? என்ன குட்டீஸ், சரிதானே!