பத்தி பிரிப்பதற்கும் வவுச்சர் வேண்டும்

வணிகவியல் மாணவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. வவுச்சர் இல்லாமல் பதிவு இல்லை. பத்து ரூபாய் டீச் செலவென்றாலும் ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். ஆனால் அதே மாணவர்கள் புராஜெக்ட் வேலைக்கு உட்கார்ந்தால் என்ன செய்கிறார்கள்? வங்கிக் கணக்கு விவரத்தை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி, எக்ஸெலில் திறந்து, வேண்டாத பத்திகளை மவுஸால் அழித்துவிட்டு, மீதியை இன்னொரு தாளில் ஒட்டுகிறார்கள். எந்தப் பத்தி போனது, எது வந்தது என்பதற்கு ஒரு சீட்டும் கிடையாது!

இந்த வேலைக்கென்றே யூனிக்ஸில் ‘கட்’ என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. லினக்ஸ், மேக் இரண்டிலும் கூடவே வரும். விண்டோஸில் டபிள்யூ.எஸ்.எல். நிறுவினால் கிடைக்கும். பத்திகளைப் பிரிக்கும் குறி கமாவா டேபா, எத்தனையாவது பத்தி வேண்டும், கோப்பின் பெயர் என்ன? இந்த மூன்றையும் ஒரே வரியில் சொன்னால் போதும். லட்சம் வரி இருந்தாலும் அந்தப் பத்தி மட்டும் தனியாக வந்து விழும். மூலக் கோப்பில் ஒரு எழுத்துகூட மாறாது.

அதைவிட முக்கியமான விஷயம், அந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதக் கோப்புக்கும் அதே வரிதான். "இந்தத் தொகை எங்கிருந்து வந்தது?" என்று ஆசிரியர் கேட்டால் காட்ட வேண்டியதும் அதே வரிதான். அதுதான் வவுச்சர்.

எக்ஸெல் போதாதா என்று கேட்கலாம். சி.எஸ்.வி. கோப்பை யோசிக்காமல் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் 00457 என்ற ரசீது எண் 457 ஆகிவிடும். எக்ஸெல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது என்பதால் 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். அப்படியே சேமித்து மூடினால் போனது போனதுதான்.

இது மாணவர்களோடு நிற்கிற பிரச்சினை இல்லை. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். பரிசோதனைக் கூடங்கள் கொரோனா முடிவுகளை சி.எஸ்.வி. கோப்புகளாக அனுப்பின. அப்போதைய பொதுச் சுகாதார அமைப்பு அவற்றைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றியது. அந்த வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் கிடையாது. மிச்சம் சத்தமில்லாமல் விடுபட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் வரவில்லை. நோயாளிகளுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை பல நாள் தள்ளிப்போனது.

அதற்காக ‘கட்’டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. அதற்குக் கமா என்றால் கமா, அவ்வளவுதான். நம் ஊர் வழக்கப்படி மேற்கோள் குறிக்குள் "1,25,000" என்று தொகை இருந்தால், அதை மூன்று பத்தியாக வெட்டிவிடும். ஒன்றேகால் லட்சத்துக்குப் பதில் கையில் வருவது ஒரு ரூபாயும் ஒரு மேற்கோள் குறியும்! பிழைச் செய்தி எதுவும் வராது. ஐந்தாம் பத்தியை முதலிலும் இரண்டாம் பத்தியைப் பிறகும் கேட்டாலும் கோப்பில் இருக்கிற வரிசையில்தான் தரும்.

இதற்கெல்லாம் ‘ஆக்’ இருக்கிறது. 1977இல் பெல் ஆய்வகத்தில் ஏஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் உருவாக்கியது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். பத்திகளைக் கேட்ட வரிசையில் தரும், கூட்டியும் தரும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் கமாவைப் புரிந்துகொள்ளும் வசதி 2023இல்தான் அதில் சேர்ந்தது. ஆகவே பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

எதைப் பயன்படுத்தினாலும் மூன்று சோதனைகள் அவசியம். எல்லா வரியிலும் ஒரே எண்ணிக்கையில் பத்திகள் இருக்கின்றனவா? உள்ளே போன வரிகளும் வெளியே வந்த வரிகளும் சமமா? ஆரம்ப இருப்போடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால் இறுதி இருப்பு வருகிறதா? இருப்பாய்வு போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிய பாடமா என்ன?

எக்ஸெலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. படம் வரைய, கண்ணால் பார்க்க அது நல்ல கருவி. அதிலேயே இருக்கும் பவர் குவெரி செய்த படிகளைப் பதிந்தும் வைக்கும். எந்தக் கருவி என்பது இரண்டாம் பட்சம். செய்த வேலைக்குத் தடயம் இருக்கிறதா என்பதே கேள்வி.

கறுப்புத் திரையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்பார்கள். முதல் நாள் பேரேட்டைப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடவில்லையா?