கம்ப்யூட்டரில் பல்லி சொன்னால்...

கம்ப்யூட்டர் சற்று முனகினால் போதும், நம்மவர் வீடுகளில் விளக்கங்களுக்குப் பஞ்சமே இராது. "உர்ர்" என்று இரைந்தால் வயிற்றில் வாயு என்பார் பாட்டி; ஓமத்தண்ணீர் புகட்ட வழியில்லையே என்பதுதான் அவர் கவலை. "கீச்" என்றால், மேசைமேல் இருக்கும் மௌஸ் குட்டி போட்டிருக்கிறது என்பான் பேரன். "டிக், டிக்" என்றால் தாத்தா பஞ்சாங்கத்தைப் புரட்டி, அந்தத் திசையில் பல்லி சொன்னதற்கு என்ன பலன் என்று தேடுவார்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். 1816-ல் பாரிஸ் நகர மருத்துவர் லெனெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அது. ஓசையைக் கேட்டு நோயை அறியும் அந்த வித்தை கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

பாட்டி சொன்ன வாயு, பெரும்பாலும் தூசி. தூசி அடைந்தால் உள்ளே சூடு ஏறும். விசிறி வேகமாகச் சுற்றி இரையும். ஆஸ்துமாக்காரரின் மூச்சிரைப்பு மாதிரிதான். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தூசியை அகற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பேரனின் "கீச்", பல சமயம் மின்சுருள்கள் அதிர்வதால் எழுவது. காதுக்குத்தான் தொல்லை, உயிருக்கு ஆபத்தில்லை.

தாத்தாவின் பல்லிதான் பொல்லாதது! ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. அதைப் படிக்கும் முனை, தலைமயிர்ப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த உயரத்தில் மிதக்கிறது. வேலை நடக்கும்போது லேசாகக் கரகரப்பது இயல்பு. முனை தன் இடத்தைக் காணாமல் மீண்டும் மீண்டும் போய்த் திரும்பும்போது தாளம் தவறாமல் "டிக், டிக்" கேட்கும். அது எமனின் காலடிச் சத்தம். உடனே நிறுத்திவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் காட்டவேண்டும். வீட்டில் திருப்புளியால் திறந்து பார்ப்பது, சமையலறையில் இருதய ஆபரேஷன் செய்வதற்குச் சமம்.

இப்போது பரவிவிட்ட எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது. அது சத்தம் போடாமலே ஒருநாள் படுத்துவிடும், பல்லியும் சொல்லாது!

பெட்டி போனால் வேறு வாங்கலாம். ஊர்க் கல்யாணப் படங்களும், மறைந்த தாயார் பேசிய ஒலிப்பதிவும் எந்தக் கடையில் கிடைக்கும்? ஆகவே ஒரு பிரதி வீட்டிலும் இன்னொன்று வேறிடத்திலும் இருக்கட்டும். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் தாத்தா நல்ல நேரம் பார்க்கவேண்டாம், இன்றைக்கே செய்துவிடலாம்.