"வேணும்னே செய்யல சார்" என்றால் ஒடிந்த கழுத்து ஒட்டிவிடுமா?



நியூசிலாந்தில் குடியேறிய என் பழைய மாணவர்கள் சிலருக்கு ரக்பி பைத்தியம். அவர்களோடு பேசிப் பேசி எனக்கும் அது தொற்றிக்கொண்டது. அவர்கள் விடாமல் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை அந்தச் சிவப்பு அட்டை கெடுத்துடுச்சு சார்." இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சற்று நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. அணிக்கு 15 பேர். பந்தோடு ஓடுபவரை எதிரணியினர் கட்டிப் பிடித்துச் சாய்க்கலாம். இதற்கு டேக்கிள் என்று பெயர். ஆனால் தோளுக்கு மேலே பிடிக்கக் கூடாது. தூக்கித் தலைகீழாகப் போடக் கூடாது. மஞ்சள் அட்டை என்றால் 10 நிமிடம் வெளியே. சிவப்பு என்றால் அவருக்கு ஆட்டம் முடிந்தது. வழக்கமான விதிப்படி அணி கடைசி வரை 14 பேரோடு ஆட வேண்டும். நம் கபடியிலும் பாடி வருபவரின் கழுத்தை நெரிப்பதும் வாயைப் பொத்துவதும் தப்புதான். முரட்டு ஆட்டத்துக்குத்தான் கட்டுப்பாடு அதிகம் வேண்டும்.

2023 அக்டோபர் 28, பாரிஸ் அருகே ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானம். நியூசிலாந்துத் தலைவர் சாம் கேன், தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி கிரியலை நிமிர்ந்த நிலையிலேயே மோதினார். தோள் போய்த் தலையில் பட்டது. நடுவர் வேய்ன் பார்ன்ஸ் முதலில் மஞ்சள் அட்டை காட்டினார். பின்னால் அறையில் உட்கார்ந்து வீடியோ பார்க்கும் அதிகாரி அதைச் சிவப்பாக்கினார். ஆண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெளியேற்றப்பட்ட முதல் ஆட்டக்காரர் சாம் கேன்தான். நியூசிலாந்து 11-12 என்று ஒரே புள்ளியில் தோற்றது.

ஆட்டம் கெட்டுப்போனதா? 14 பேரோடு ஆடிய அணி ஒரே புள்ளியில் தோற்றிருக்கிறது. அன்றைய ஒரே டிரையை அடித்ததும் அந்த 14 பேர்தான். 2022-இல் நடந்த பெண்கள் இறுதி ஆட்டத்திலும் இதே கதை. இங்கிலாந்தின் லிடியா தாம்சன் தலையில் மோதியதற்காக ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வெளியேறினார். அப்படியும் இங்கிலாந்து கடைசி நிமிடம் வரை போராடி 31-34 என்றுதான் தோற்றது. 14 பேர் ஆடினால் பார்க்கச் சுவை இருக்காது என்பவர்கள் இந்த இரண்டு ஆட்டங்களையும் மறுபடி போட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த வாதம், "கேன் வேண்டுமென்று செய்யவில்லை." நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் வகுப்பில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். "வேணும்னே செய்யல சார்" என்ற வாக்கியத்தை நான் கேட்காத வாரம் கிடையாது. அதைச் சொன்ன பையன் பெரும்பாலும் உண்மைதான் சொல்வான். ஆனாலும் கீழே விழுந்தவனுக்குப் பல் உடைந்திருக்கும். எண்ணத்தைப் பார்த்துத் திட்டலாம், திட்டாமல் விடலாம். ஓடும்போது நிதானமாக ஓட வேண்டும் என்ற பாடத்தை மட்டும் விட்டுவிட முடியாது. சிவப்பு அட்டை ஒருவரின் குணத்துக்குத் தரும் சான்றிதழ் அல்ல. எதிரில் நிற்பவரின் தலைக்கும் கழுத்துக்கும் போடும் வேலி.

இந்த வேலி இல்லாத காலத்தையும் பார்த்தோம். 2005-இல் பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் அணி நியூசிலாந்துக்குப் போனது. கிறைஸ்ட்சர்ச்சில் முதல் டெஸ்ட். தொடங்கிய சற்று நேரத்திலேயே லயன்ஸ் தலைவர் பிரையன் ஓ'டிரிஸ்காலை டானா உமாகாவும் கெவன் மியலாமுவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் கீழே போட்டார்கள். தோள் மூட்டு விலகியது. அவருடைய பயணம் அங்கேயே முடிந்தது. அட்டை இல்லை. ஆட்டத்துக்குப் பிறகு நடவடிக்கையும் இல்லை. அயர்லாந்துக்காரர்கள் கொதித்தார்கள். நியூசிலாந்துக்காரர்களில் பலர் "தோற்றவர்களின் ஒப்பாரி" என்றார்கள். நம்மவன் அடித்தால் விபத்து, அடுத்தவன் அடித்தால் கொலைமுயற்சி! பகை முற்றினால் கண்ணுக்கு முன் நடப்பதுகூடத் தெரியாது.

2016-இல் இன்னொரு பாடம். நவம்பர் 5 அன்று சிகாகோவில் அயர்லாந்து வரலாற்றில் முதல் முறையாக நியூசிலாந்தை வென்றது. இரண்டே வாரத்தில் டப்ளினில் மறு ஆட்டம். சாம் கேன் மோதியதில் ராபி ஹென்ஷா ஸ்டிரெச்சரில் போனார். மலகாய் ஃபெகிடோவா, சைமன் ஸீபோவின் கழுத்துயரத்தில் கை போட்டார். அவருக்கு மஞ்சள் அட்டையும் பின்னர் ஒரு வாரத் தடையும் கிடைத்தன. கேன் மீது எந்தத் தவறும் இல்லை என்று விசாரணையில் விட்டுவிட்டார்கள். 2017 ஜனவரி முதல் தலையில் படும் டேக்கிளுக்குக் கடுமையான தண்டனை என்று உலக ரக்பி அமைப்பு உத்தரவிட்டது.

இப்போது சாம் வார்பர்ட்டனைப் பாருங்கள். 2011 உலகக் கோப்பை அரையிறுதி, வேல்ஸும் பிரான்ஸும். வேல்ஸ் தலைவர் வார்பர்ட்டன் எதிரணியின் வின்சென்ட் கிளெர்க்கைத் தூக்கிக் கவிழ்த்தார். நடுவர் அலன் ரோலண்ட் தயங்காமல் சிவப்பு அட்டை காட்டினார். வேல்ஸ் ஒரு மணி நேரம் 14 பேரோடு ஆடி 8-9 என்று தோற்றது. நாடே நடுவரைத் திட்டித் தீர்த்தது. பின்னாளில் வார்பர்ட்டனே அந்த முடிவு சரிதான் என்று ஒப்புக்கொண்டார். கழுத்திலும் முழங்காலிலும் அறுவை செய்துகொண்டு, 2018-இல் 29 வயதிலேயே ஆட்டத்தை விட்டார். சாம் கேனுக்கும் அதே 2018-இல் தென்னாப்பிரிக்காவோடு ஆடும்போது கழுத்து முள்ளெலும்பு முறிந்தது. அறுவை செய்து மீண்டு வந்தவர் அவர். கழுத்தின் விலை என்ன என்று அந்த இருவருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2003-இல் இங்கிலாந்து உலகக் கோப்பை வென்றபோது அணியில் இருந்தவர் ஸ்டீவ் தாம்சன். நாற்பது வயதைச் சற்றே கடந்தபோது அவருக்கு மறதி நோய் என்று தெரிந்தது. கோப்பை வென்றதே நினைவில் இல்லை என்கிறார். அது ஒரே அடியால் வந்தது அல்ல. வருடக்கணக்கில் வாங்கிய அடிகளின் கணக்கு. அவரைப் போல நூற்றுக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கண்ட பிறகும் என்ன செய்கிறார்கள்? 20 நிமிடச் சிவப்பு அட்டை என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். தப்பு செய்தவர் திரும்ப வர முடியாது. ஆனால் 20 நிமிடம் கழித்து மாற்று ஆள் இறங்கலாம். தென் கோளத்தில் தொடங்கிய இந்த ஏற்பாட்டைப் பிரான்ஸும் அயர்லாந்தும் எதிர்த்தும், 2025 ஆறு நாடுகள் போட்டி வரை வந்துவிட்டது. மிகக் கொடிய செயலுக்குப் பழைய சிவப்பு அட்டை இருக்கிறது என்கிறார்கள். "ஒருவன் தப்புக்கு அணி ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?" என்பதுதான் அவர்கள் கேள்வி.

நான் திருப்பிக் கேட்கிறேன். அந்த ஒருவனுக்குக் குனிந்து பிடிக்கக் கற்றுத் தர வேண்டியது யார்? பயிற்சியாளரும் அணியும்தானே? கோப்பையே போய்விடும் என்ற பயம் இருந்தால் நாளைக் காலைப் பயிற்சியிலேயே எல்லோரும் இடுப்பை வளைத்துப் பழகுவார்கள். 20 நிமிடம்தானே என்றால் பழக மாட்டார்கள்.

அதே இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கொலிசியும் தலையில் மோதினார். அவருக்கு மஞ்சளோடு நின்றுவிட்டது. இது நியாயமா என்று என் மாணவர்கள் கேட்பது நல்ல கேள்வி. ஆனால் விடைத்தாள் திருத்துவதில் ஏற்றத்தாழ்வு இருந்தால் ஒரே அளவுகோல் கேட்க வேண்டும். தேர்வையே சுலபமாக்கச் சொல்லக் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்த ஆட்டத்துக்குப் பிறகு வேய்ன் பார்ன்ஸுக்கும் அவர் குடும்பத்துக்கும் மிரட்டல்கள் வந்தன. வீடியோ நடுவர் டாம் ஃபோலி, வந்த வசவுகளைத் தாங்க முடியாமல் சர்வதேசப் போட்டிகளிலிருந்தே ஒதுங்கினார். ஒரு தலையைக் காப்பாற்ற விதியை நிறைவேற்றியவருக்கு இதுவா கைம்மாறு? தீர்ப்பைக் குறை சொல்லுங்கள், விவாதியுங்கள். வீட்டில் இருக்கும் மனைவி மக்களை மிரட்டுவதை எந்த ரசிகப் பாசமும் நியாயப்படுத்தாது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். ஆனால் எழுதும் முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: கீழே விழுந்து கிடப்பது உங்கள் பிள்ளையாக இருந்தால் எந்த நிற அட்டையைக் கேட்பீர்கள்?