நாற்பதுக்குப் பின் ஒரு பருவம்

பெண்ணின் பருவங்களைப் பாட்டியல் நூலார் ஏழாகப் பகுத்தனர். பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடியும் அவ்வரிசை, பொதுவாக நாற்பது வயதோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னும் பெண்ணுக்கு ஓர் உடல் உண்டென்பதை உலாப் பாடிய புலவர்கள் நினைக்கவில்லை. நாமும் நினைப்பதில்லை என்பதே நம் வருத்தம்.

நெம்மேலியில் நமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவருக்கு வயது நாற்பத்தெட்டு. முதுகுவலிக்காக எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பையில் சிறிய நார்த்திசுக் கட்டி ஒன்று தெரிந்தது. ஃபைப்ராய்டு என்பார்களே, அதுதான். மிகுந்த உதிரப்போக்கு இல்லை. அடிவயிற்றில் வலியும் இல்லை. ஆயினும் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று அன்றே நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். "அதான் ரெண்டு புள்ள பெத்தாச்சே, இனிமே அந்தப் பை எதுக்கு?" என்றாராம் மாமியார். அவர் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், கட்டின்னா புத்துநோய்தானே?"

இல்லை. இக்கட்டிகள் புற்றாக இருப்பது மிக அரிது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பால் வளர்பவை இவை. மாதவிடாய் நின்று அச்சுரப்பு குறைந்ததும் பெரும்பாலும் தாமே சுருங்கும். ஆகவே, தொல்லை தராத கட்டியைக் கண்காணித்தபடி காத்திருப்பதும் ஒரு மருத்துவமே. நாற்பத்தெட்டு வயதில் காலம் பெண்ணின் பக்கம் நிற்கிறது.

உதிரப்போக்கு மிகுந்தால் அதற்கும் படிகள் உண்டு. சோகைக்கு இரும்புச்சத்து, போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரை, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம். உட்புறம் துருத்திய கட்டியை வயிற்றைக் கிழிக்காமலே அகற்றலாம். கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்து அதைச் சுருங்கச் செய்யும் முறையை, 1995இல் பாரிஸில் ராவினா குழுவினர் வெளியிட்டனர். இவை பலனளிக்காதபோதோ, கட்டி பெரிதாகிச் சிறுநீர்ப்பையை அழுத்தும்போதோ கர்ப்பப்பையை அகற்றுவது நல்ல தீர்வாகலாம். அப்போதும் சூலகங்களையும் சேர்த்தே எடுக்க வேண்டுமா என்று தனியே கேட்க வேண்டும். எலும்புக்கும் இதயத்துக்கும் அவற்றோடு உறவுண்டு.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் உதிரம் கண்டாலோ, கட்டி வளர்ந்தாலோ காத்திருத்தல் கூடாது. உடனே பரிசோதனை தேவை.

தேவையற்ற கர்ப்பப்பை நீக்கம் நம் கற்பனையன்று. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்கு நேர்ந்தது குறித்து மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவணரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் ஏற்கும்படி மாநிலங்களைப் பணித்தது. நெறிகள் ஏட்டில் உள்ளன. கேள்வி பெண்ணின் வாயில் எழ வேண்டும்.

அம்மையாரிடம் நாம் சொன்னது இவ்வளவே: மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் வழியே பேருந்தேறினால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே ஸ்கேன் அறிக்கையைக் காட்டி, "காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். விடை கேட்டபின் அறுவையே நன்றென்று தோன்றினால் அதுவும் அவர் முடிவு. பிள்ளை பெற்று முடித்ததனால் மட்டும் ஓர் உறுப்பு வேண்டாப் பொருளாகிவிடுவதில்லை. பாட்டியல் பாடாத அந்த எட்டாம் பருவத்தைப் பற்றி நாமாவது வீட்டில் வாய்திறந்து பேசுவோம்.