பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுங்கள்!



கந்தர்வக்கோட்டையில் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் வீடு திரும்பும் மாணவிகளை இன்று யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. ஆனால், ஒரு காலத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டினால் ஊரே வேடிக்கை பார்க்கும், கேலியும் பேசும். இங்கே மட்டுமல்ல, வெளிநாட்டிலும் அப்படித்தான்!

இத்தாலியில் 1891-ல் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அல்போன்சினா ஸ்ட்ராடா. அப்பா வாங்கி வந்த பழைய சைக்கிளில் ஓட்டிப் பழகினார். சைக்கிள் பந்தயத்தையே தொழிலாக்கிக் கொண்டார்.

1924-ல், இத்தாலியைச் சுற்றும் 'ஜிரோ' பந்தயத்தில் கலந்துகொண்டார். மொத்தம் 3,613 கிலோமீட்டர். புறப்பட்ட 90 பேரில் அவர் ஒருவர்தான் பெண்! மழை, காற்று, சேறு... விழுந்து எழுந்து ஓட்டினார். ஒரு நாள் ஹேண்டில்பாரே உடைந்துவிட்டது. துடைப்பத்தின் மரப்பிடியை வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று நேரம் கடந்து வந்ததால், போட்டிக் கணக்கிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். பரிசு இல்லை என்று தெரிந்தும் தொடர்ந்து ஓட்டி, மிலான் நகர் வரை முழுத் தூரத்தையும் முடித்தார். ஆண்களிலோ பாதிக்கும் மேற்பட்டோர் வழியிலேயே விலகியிருந்தனர்!

ஆனால், அடுத்த ஆண்டு அவரைப் பந்தயத்தில் சேர்க்கவில்லை. ஒருவருக்காகத் திறந்த கதவை மூடுவது சுலபம்தானே!

இனி, நம் புதுக்கோட்டைக்கு வாருங்கள். 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். கேலி பேசியவர்களைப் பொருட்படுத்தவில்லை. கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் கற்றுக் கொடுத்தார். இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, யாருடைய துணைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இத்தனை பேருக்குத் திறந்த கதவை யாரால் மூட முடியும்?

சுட்டிகளே, உங்களுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா? சபாஷ்! வீட்டில் யாருக்குத் தெரியாது என்று கேளுங்கள். தங்கையாக இருக்கலாம், அம்மாவாகவும் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் வராத இடமாகப் பார்த்து அழைத்துப் போங்கள். விழுந்தால் சிரிக்காதீர்கள். கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுங்கள். பேலன்ஸ் வந்ததும் கையை விட்டுவிடுங்கள்.

அவர் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது, நீங்களே பந்தயத்தில் ஜெயித்த மாதிரி இருக்கும்!

அன்புடன்,
ஆசிரியர்